கட்டுரையின் முதல் பெயர்

அக்டோபர் 14, 07:40

நிலவின் தென்முனை, பல்கலைக்கழக வெளிநிலையம். பணியில் ஒருவர்: சுடலைமுத்து, முனைவர் பட்ட ஆய்வாளர். துளைக்கருவி சீராக ஓடுகிறது. பனியில் நாற்பத்தொரு மீட்டர் ஆழம். காற்று, மின்சாரம், நீர் சரி. இந்தப் பதிவு நிலையத்துப் பெட்டியிலேயே இருக்கும், வளாகத்துக்குப் போகாது. அடுத்து வருபவர் படிக்கலாம்.

வளாகச் செய்திமடல் வந்தது. முதல் பக்கத்தில் மைத்ரேயி. எனக்கும் அவளுக்கும் ஒரே நெறியாளர். நாற்பது நாட்டுக் கொடிகளுக்கு முன்னால் நின்று சிரிக்கிறாள். பின்னால் திரையில் நான் வெட்டியெடுத்த பனித்தண்டு. அதைப் பற்றி லிஸ்பன் மாநாட்டில் பேசிவிட்டு வந்திருக்கிறாள். கீழே பொடி எழுத்தில் 'தரவு: நிலவு நிலையம்' என்றிருக்கிறது. நிலையத்துக்குப் பெயர் உண்டு. அதில் இருப்பவனுக்குக் கிடையாது.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி மறுபடி பார்த்தேன்.

அக்டோபர் 15, 10:15

ஆழம் நாற்பத்தைந்து. துளைமுனை மாற்றினேன்.

யாருடைய கட்டுரையாவது ஏற்கப்பட்டால் எல்லா வெளிநிலையங்களும் கைதட்டி, ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும். வளாகத்து வழக்கம். அண்டார்க்டிகாவில் முப்பது பேர் தட்டுவார்கள். இங்கே நான் மட்டும். இப்போது மைத்ரேயியின் கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது. தட்டி அனுப்பினேன். வளாகத்துக் கட்டுப்பாட்டு அறையில் பெர்க்மான்ஸ் அண்ணன் இருந்தார், தூத்துக்குடிக்காரர்.

"என்னலே சுடலை, கை தட்டுனியா, கொசு அடிச்சியா?"

"ஒத்த ஆளு இம்புட்டுதான்ண்ணே தட்ட முடியும்."

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத. அடுத்தது ஒன்னோடதுதான்."

போன வருடமும் இதையேதான் சொன்னார்.

மைத்ரேயி சாப்பாட்டு மேசையில் ஆய்விதழ்களின் பெயரைக் கேட்டு வளர்ந்தவள். அப்பா பேராசிரியர். கோவில்பட்டியில் என் பள்ளிக்கும் ஆய்வகம் இருந்தது. அதன் பூட்டைத்தான் பார்த்திருக்கிறேன். நிலவுக்கு ஆள் கேட்டபோது அவளுக்கு முதுகுவலி. எனக்கு முதுகு நன்றாக இருந்தது.

அக்டோபர் 17, 13:20

ஐம்பத்திரண்டாம் மீட்டரில் கறுப்பு அடுக்கு. சோதித்தேன். உயிர் மட்டுமே கட்டக்கூடிய கொழுப்புச் சங்கிலிகள். பூமியில் எதிலும் இல்லாத அமைப்பு. ஆகவே என் உடம்பிலிருந்தோ கருவியிலிருந்தோ ஒட்டிய மாசு இல்லை. இதை முதலில் பார்த்தவன் நான்.

கருவியில் பதிவாவது எல்லாம் ஒரு மணி நேரத்தில் வளாகத்தின் பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விடும். தரவு எல்லாருக்கும் பொது, எழுதி முந்துபவருக்குப் பெயர். அதுதான் விதி. எல்லாரும் சமம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் துளையிட்டுக்கொண்டே எழுத வேண்டும். அவள் காப்பியோடு உட்கார்ந்து எழுதுவாள்.

தரவை வளாகத்துக்குக் கொண்டுபோகும் மாதிரி அறைக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். குரலும் அஞ்சலும் வேறு இணைப்பு. கட்டுரையை முடித்து நேராக ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டுச் சொருகிக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல். காற்று வடிகட்டியும் அதே கம்பியில்தான். வளாகத்துக் கணினி கட்டளை கொடுத்தால்தான் அது வேலை செய்யும். இங்கே பொத்தான் கிடையாது. தனிக் கம்பிக்கு நிதி இல்லை என்றார்கள். அந்த வருடம்தான் வளாகத்தில் இரண்டாவது நீச்சல்குளம் திறந்தார்கள்.

கணக்குப் போட்டேன். இருக்கிற காற்று மூன்று நாள் தாங்கும். எனக்கு இரண்டு நாள் போதும்.

அக்டோபர் 18, 09:05

காற்றில் கரியமில வாயு 1.4 சதவீதம். பெர்க்மான்ஸ் அண்ணனிடம் 0.5 என்று சொன்னேன்.

"நெசமாத்தான் சொல்லுதியா? இங்க ஒண்ணும் வரலலே. கம்பியப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"காத்துத் தொட்டியில ஒண்ணு போன மாசமே அவுட்டு. நீ நெனைக்கிற அளவுக்குத் தாங்காது, கேட்டுக்கோ."

இது அவள் சொல்லிக் கொடுத்ததாக இருக்கும். என்னை அவசரப்படுத்தப் பார்க்கிறாள். பிறகு மைத்ரேயியே இணைப்பில் வந்தாள்.

"சுடலை, லைன் ஏன்டா செத்துக் கிடக்கு? புதையல் எதாவது ஒளிச்சு வைக்கிறியா?"

சிரித்துக்கொண்டே கேட்டாள். சரியாகக் கேட்டாள். பழுது பார்க்கிறேன் என்றேன்.

முன்னுரை முடிந்தது. தலைவலி.

அக்டோபர் 18, 18:50

2.9. அண்ணன் சொன்னது உண்மைதான். மூன்று நாள் தாங்காது.

மூச்சு வாங்குகிறது. முறையியல் பகுதியில் ஒரே பத்தியை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். அழித்தேன். ஒன்றுக்குப் பதில் இரண்டையும் அழித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன்.

கம்பியைச் சொருகினால் எல்லாம் சரியாகும். கறுப்பு அடுக்கின் தரவும் பூமிக்குப் போய்விடும். காலையில் அவள் கொடிகளுக்கு முன்னால் நிற்பாள்.

அக்டோபர் 19, 04:30

4 தாண்டிவிட்டது. பெர்க்மான்ஸ் அண்ணன் என் பேச்சு குழறுவதைக் கேட்டுவிட்டார். அவளை வரவழைத்திருக்கிறார்.

"சுடலை, ப்ளீஸ்டா. என்னவோ கண்டுபிடிச்சிருக்கே, எனக்குப் புரியுது. நான் தொடமாட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டே தரேன். என் பேரே வேண்டாம், உன் பேரு மட்டும் போதும். கம்பியைச் சொருகு."

"ஏலே, அந்தப் புள்ள அழுதுக்கிட்டு இருக்கு. சொருகித் தொலையேம்ல."

நம்புகிறேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. செய்திமடலில் என் பெயர் விடுபட்டதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கு எதையும் பிடுங்கி வாழ வேண்டிய தேவை இருந்ததில்லை.

அதுதான் தாங்கவில்லை. இதையும் அவள் கொடுத்து நான் வாங்க வேண்டும். என் உயிரைக் காக்கத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தவள் என்று அதற்கும் ஒரு மடல் போடுவார்கள். படம் நன்றாக இருக்கும்.

அட்டவணை ஒன்றைத் தொடங்கினேன்.

அக்டோபர் 19

மணி தெரியவில்லை. எண் மங்கலாக இருக்கிறது.

அவள் குரல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அழும்போதும் நல்ல குரல்.

படிப்பவருக்கு. கம்பி எங்கே என்று எனக்குத் தெரியும். கைக்கு எட்டுகிற தூரம்தான். சொருகத்தான் போகிறேன். இன்னும் ஒரு அட்டவணை. அதை முடித்து அனுப்பிவிட்டால் பிறகு யார் என்ன பார்த்தாலும்

ஆசிரியர் சுடலைமுத்து. வேறு யாரும் இல்லை. ஆசிரியர் சுடலைமுத்து.

அட்டவணை இரண்டு. ஆழம் ஐம்பத்திரண்டு. நிறம் கறுப்பு. மாதிரி எண்