மாஸ்க்குக்கு அடியில் நீ நிற்கிறாய்

என் பிரியமான எருமைமாடே, பூமி,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். 'அன்புள்ள தம்பி' என்று தொடங்கினால் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று மடித்து வைத்துவிடுவாய்.

நீ போய் முப்பத்து நான்கு நாளாகிறது. இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "டீ குடிச்சிட்டு வாரேங்க்கா" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனாய். காலை பதினோரு மணி. நம் ஸ்டுடியோவிலிருந்து டீக்கடைக்கு நூறடி இருக்குமா? டீயை ஆற்றிக் கையில் கொடுப்பதற்குள் பெஞ்சில் சாய்ந்துவிட்டாயாம். முப்பத்து மூன்று வயதில் யாராவது இப்படிப் போவார்களா? நெஞ்சு வலிக்கிறது என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னாயா?

டீக்கடைக்காரர் ஓடிவந்து, "தனம், ஒந்தம்பி..." என்று வாசலில் நின்றார். நான் ஆல்பம் அட்டைக்கு எந்த நிறம் என்று ஒரு கல்யாண வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "என்ன, சீனி பத்தலங்கிறானா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு வேர்க்கிறது.

உன் கம்ப்யூட்டரை ஒன்பது நாள் யாரும் அணைக்கவில்லை. அணைக்க எனக்குக் கை வரவில்லை. திரையில் தேவிபட்டினம் கடற்கரையில் எடுத்த அந்தக் கல்யாண ஜோடி அப்படியே நின்றது. மணப்பெண்ணின் தலைமுடியை ஒரு பக்கம் மட்டும் இழை இழையாகப் பிரித்து வைத்திருந்தாய். மறுபக்கம் அவளுக்குப் பின்னால் மீன் ஏற்ற வந்த ஐஸ் லாரி முழுசாகத் தெரிந்தது. பாதி வேலையில் எழுந்து போகிற பழக்கம் உனக்குக் கிடையாதே, பூமி. எப்படிப் போனாய்?

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் படம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரக் கூடாது என்கிற வீடுகளுக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பெரியபட்டினம் முதல் கமுதி வரை எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து எடுத்திருப்பேன். என் கேமராவில் உன் முகம் இல்லை. உன் போனில் பார்த்தால் மோட்டார் பைக், நண்டு, நாய்க்குட்டி. உன்னைத் தவிர எல்லாம் இருந்தது. ஆல்பம் கொடுத்ததும் கேமராவின் மெமரி கார்டை அழித்துவிடுவது என் வழக்கம். "இடம் வேணுமில்லலே" என்பேன். நீ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாய்.

கடைசியில் உன் அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடித்தோம். முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவன் மாதிரி இருந்தாய். அம்மா பந்தலுக்குள் வந்து அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இது யாருடி?"

"தம்பிதாம்மா."

"எம் புள்ள இப்படியா இருப்பான்? ஊரு பூராம் படம் புடிச்சியே, கூடப்பெறந்தவன ஒரு படம் புடிக்கலயா நீ?"

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். முப்பதாம் நாள் படையலுக்குள் எப்படியாவது உன்னை உன் முகத்தோடு அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று மட்டும் மனசில் ஓடியது. அதைச் செய்யாவிட்டால் அவள் முன்னால் உட்கார்ந்து இனி நான் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

இதற்கிடையில் அந்த மணப்பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். வேறு வழியில்லாமல் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். படம் எடுக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தையா என்கிற திமிர் எனக்கு. எரேசரை எடுத்து லாரியை அழித்தேன். மாப்பிள்ளையின் காதும் சேர்ந்து போய்விட்டது! சேவ் வேறு பண்ணித் தொலைத்தேன். நல்லவேளை, அந்தப் படத்தை இன்னும் கார்டிலிருந்து அழிக்காமல் வைத்திருந்தேன். "அழிக்காதக்கா, மறை. மாஸ்க் எதுக்கு இருக்கு?" என்று நீ எத்தனை தடவை கத்தியிருப்பாய். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. நீ 'வெட்டிட்டேன்' என்று சொன்னால் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்ட மாதிரிதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நீ எப்படிச் செய்திருக்கிறாய் என்று பார்ப்போம் என்று உன் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தேன். கமுதிப் பக்கத்துக் கிரகப்பிரவேசம். மிளகாய் விவசாயம் பண்ணுகிற பஞ்சவர்ணம் அம்மா வீடு. மகன் குவைத்திலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய வீடு, பால் காய்ச்சுகிற அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவரைக் குடும்பப் படத்தில் சேர்க்க வேண்டும் என்றார்கள். நம்மிடம் வருகிற வேலையில் பாதி இதுதானே. வெளிநாட்டில் இருக்கிற மகன், அண்ணன், மச்சான் எல்லாரையும் படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவது.

அதற்கு நாம் ஒரு முறை வைத்திருந்தோம். இடம் விட்டு நில்லுங்கள் என்றால் யாரும் நிற்க மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல் நெருங்கிவிடுவார்கள். அதனால் வராதவரின் இடத்தில் உன்னை நிறுத்துவேன். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எவ்வளவு நீளம், உயரம் எவ்வளவு என்பதெல்லாம் உன்னை வைத்துத்தான் கணக்கு. பிறகு "நகருலே" என்று சொல்லி, நீ இல்லாமல் இன்னொரு படம். அப்புறம் நீ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன்னை எடுத்துவிட்டு, வாட்ஸப்பில் வந்த ஆளை வைப்பாய்.

அந்த ஃபைலில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் லேயராக அடுக்கி வைத்திருந்தாய். குடும்பப் படத்து லேயருக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கட்டம் இருந்தது, நீ சொல்கிற மாஸ்க். வெள்ளை பூசின இடம் தெரியும், கறுப்பு பூசின இடம் மறையும் என்பது வரைக்கும் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். ஷிப்ட் விசையில் விரல் இருந்தது தெரியாமல் அதன்மேல் ஒரு கிளிக் பண்ணிவிட்டேன். கட்டத்தின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது. அதோடு குவைத்துக்காரரின் காதுக்குப் பின்னால் இன்னொரு காது முளைத்தது, பூமி. அவர் தோளுக்கு வெளியே இன்னொரு தோள். அவர் இடுப்புக்குப் பக்கத்தில் நீலக் கோடு போட்ட ஒரு சட்டைக் கை.

அந்தச் சட்டை எனக்குத் தெரியும். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து குவைத்துக்காரரின் லேயரை அணைத்தேன். நீ நின்றாய். தலை முதல் கால் வரைக்கும், ஒரு புள்ளி விடாமல். பஞ்சவர்ணம் அம்மா உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். நீ அவர் பக்கம் லேசாகச் சாய்ந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அதை எடுத்தது நான். என் கேமரா, என் விரல். ஆனால் உன்னை நான் பார்க்கவே இல்லையே. உன் பக்கத்தில் விழுந்த வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்ன சொன்னேன் என்பது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது. "ஏலே, ஒன்ன வெட்டித்தான போடப் போறோம், ஒனக்கு எதுக்கு இம்புட்டுச் சிரிப்பு? நேரா நில்லு." இப்படி ஒரு அக்கா சொல்வாளா? சொன்னேன். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன்.

மதியத்துக்குள் கிடைத்த ஃபைலையெல்லாம் திறந்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தை அமுக்கினேன். எல்லாவற்றிலும் நீ வந்தாய். பெரியபட்டினத்துக் கல்யாணத்தில் ஆண்கள் வரிசையில் மாப்பிள்ளைக்குக் காக்காவாக, அதாவது அண்ணனாக நிற்கிறாய், யாரோ உன் தலையில் தொப்பி வைத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு காதுகுத்தில் தாய்மாமன். இன்னொன்றில் மூத்த மருமகன். உன்னை நீயே மறைத்தாயே தவிர, ஒரு இடத்திலும் அழிக்கவில்லை. நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நன்றாகவே அழுதேன்.

கமுதிப் படத்தில்தான் உன் சிரிப்பு நன்றாக இருந்தது. அதிலிருந்து உன்னை மட்டும் பிரித்து எடுப்பது என்று முடிவு பண்ணினேன். பிரஷ்ஷின் ஓரத்தை மெத்தென்று வைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, சட்டை ஓரம், முடி ஓரம் என்று மூன்று நாள் பூசினேன். கொஞ்சம் அதிகமாக மறைந்துவிட்டால் வெள்ளையைத் தொட்டுத் திருப்பிக் கொண்டுவரலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! எல்லாம் சரியாக வந்தது, மணிக்கட்டைத் தவிர. அங்கே அந்த அம்மாவின் விரல்கள். அவற்றை மறைத்தால் உன் மணிக்கட்டும் சேர்ந்து போனது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பஞ்சவர்ணம் அம்மா இடத்தில் நம் அம்மாவை நிறுத்திவிட்டால் என்ன? நம் முறைதானே. அம்மாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தேன். உன் இடத்தில் நான் நின்றுகொண்டு, டைமரை வைத்துவிட்டு, "எங்கையப் புடிம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"நீயும் தம்பியும் சேந்து நிக்கிற மாதிரி செஞ்சு தாரேன். என்னய எடுத்துட்டு அவன வச்சிருவேன்."

அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. கேமராவின் டைமர் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"வெளிநாட்டுல இருக்கவனச் சேத்து வைங்கடி. லீவு போட்டு வந்து, நெசமாவே அந்த எடத்துல நிப்பான். இவன எங்கன இருந்துடி கூப்புடுவ?"

கேமரா தன்பாட்டுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லையே, பூமி. உனக்குத் தோன்றியிருக்குமா?

அம்மா மெல்ல நடந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். நான் வெட்டாத படமும் பக்கத்திலேயே திறந்திருந்தது. வெகுநேரம் பார்த்தாள். உன் முகத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோனாள், தொடவில்லை.

"இந்தப் பொம்பள யாரு?"

சொன்னேன். கமுதிப் பக்கம், மகன் குவைத்தில், அவருக்குப் பதிலாக நின்றது நீ என்று.

"அவுகள ஏன் வெட்டுற? எம் புள்ள அவுகளப் பாத்துல்ல சிரிக்கிறான். இப்படியே மாட்டு. அவுகளும் இருக்கட்டும்."

அடுத்த வீட்டுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் நம் வீட்டில் மாட்டலாமா? கமுதிக்குப் போன் போட்டேன். பஞ்சவர்ணம் அம்மாவுக்கு நீ போன விஷயமே தெரியாது. "எம் மகனா நின்ன தம்பியா? அந்தத் தம்பியா தாயி?" என்று கேட்டார். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். படத்தை மாட்டிக்கொள்ளச் சொன்னார். "நான் அன்னைக்கி வேலை செஞ்ச சேலையோடயே நின்னேன், கசங்கிக் கெடக்குமே. பரவால்லயா?" என்று அந்த அழுகையிலும் கேட்டார்.

போனை வைப்பதற்கு முன்னால் நான்தான் கேட்டேன், அன்றைக்கு எதற்காக நீ அப்படிச் சிரித்தாய் என்று. கேட்டிருக்க வேண்டாம்.

"அது வேற ஒண்ணுமில்ல தாயி. கையப் புடிச்சேனா, சில்லுன்னு இருந்துச்சு. 'மணி மூணாச்சே, சாப்டியாய்யா?'ன்னு கேட்டேன். 'எங்கக்கா படத்த முடிச்சாத்தாம்மா எனக்குச் சோறு'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுச்சு புள்ள."

நீ என்னைச் சொல்லித்தான் சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பைத்தான் நேராக நில்லு என்று நான் அதட்டியிருக்கிறேன்.

முப்பதாம் நாள் அந்தப் படத்தைத்தான் வைத்துக் கும்பிட்டோம். நம் அம்மா, பஞ்சவர்ணம் அம்மாவின் முகத்தில் படாமல், உனக்கு மட்டும் பூ வைத்தாள். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அந்த அம்மா யார் என்று கேட்டார்கள். அம்மா சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். மணப்பெண் வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். முடி இழை இழையாக வந்திருக்கிறது, ஐஸ் லாரி போய்விட்டது, மாப்பிள்ளைக்கு இரண்டு காதும் இருக்கிறது. நீ பார்த்தால் இரண்டு குற்றம் சொல்லிவிட்டு, பரவாயில்லை என்பாய்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்குக் காலையில், அந்த டீக்கு முன்னால், நீ சாப்பிட்டாயா? எட்டு மணிக்கே போன் போட்டு வரச் சொன்னவள் நான். அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இனிமேல் உன் இடத்தில் யாரை நிறுத்தினாலும், அவர் பெயரைக் கேட்பேன். முதல் படத்தை அவருக்காகவே எடுத்து அவர் கையில் கொடுப்பேன். எந்த வீடாக இருந்தாலும், எவ்வளவு நல்ல வெளிச்சம் போனாலும் சரி, நிற்கிறவர்கள் சாப்பிட்டு முடிக்காமல் கேமராவைக் கையில் எடுக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம், பூமி.

உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்காத,
உன் கூடப்பிறந்த அக்கா,
தனம்