நல்ல பிள்ளையாகக் கிடந்தவள்

இன்று காலை வார்டில் ஒரு கட்டிலைக் கடந்தபோது கோடாலித் தைல வாசம் அடித்தது. உன் நினைவு வராமல் இருக்குமா? டூட்டிக்கு முன் அதைக் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டு, "வா லா, சண்டைக்குப் போவோம்" என்று கிளம்புவாயே.

மலேசியாவில், கிள்ளானில் நாம் ஒன்றாக நர்ஸ் வேலை பார்த்த அத்தனை வருஷமும் உன் வாய் ஓய்ந்ததில்லை. டாக்டரோடு சண்டை, கேன்டீன் அண்ணனோடு சண்டை. ஆனால் புத்தி தடுமாறிய நோயாளியோடு மட்டும் நீ வாதாடவே மாட்டாய். "மிஸ்ஸி, கூரையில பாம்பு" என்று நர்ஸான உன்னைக் கூப்பிட்டு அவர் அலறினால், அவருடைய மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுவாய், திரையை விலக்குவாய், இடத்தையும் கிழமையையும் மெல்லச் சொல்லுவாய். "கத்துறவங்ககிட்ட எல்லாரும் ஓடுவாங்க. சும்மா கிடக்கிறவங்களதான் பாக்கணும்" என்பாய்.

நீ ஓய்வு பெற்ற பிறகு இடுப்பெலும்பு முறிந்து, வேறொரு மருத்துவமனையில் நீயே சும்மா கிடந்தாய். பார்க்க வந்த என்னிடம் உன் மகள் சந்தோஷமாகச் சொன்னாள்: "ஆன்டி, அம்மா இன்னிக்கு ரொம்ப நல்ல பிள்ளையா இருக்காங்க. சண்டையே இல்ல. சாமி கண்ண தொறந்துட்டாரு." உன் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். இனிப்பையே வாயில் வைக்காத நீ, அவள் ஊட்டிய மைலோ பானத்தை விழுங்கிக்கொண்டிருந்தாய். விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருந்தன.

நீ நோயாளிகளிடம் கேட்பதையே உன்னிடம் கேட்டேன், "கிழமைய பின்னாலருந்து சொல்லு."

"ஞாயிறு... சனி..." என்றாய். மறுபடியும் சனி. அப்புறம் அதுவும் இல்லை.

"தூக்கம்தான் ஆன்டி, ஓக்கே லா" என்றார் அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட சின்ன வயசு டாக்டர்.

"இது இவளே இல்ல டாக்டர். ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று நகராமல் நின்றேன். நீ போட வேண்டிய சண்டையை நான் போட்டேன். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறி உன் புத்தியைத் தடுமாற வைத்திருந்தது. மருந்து ஏற்றினார்கள்.

ஒரு மத்தியானம் உனக்குத் தெளிந்தது. மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் அழுதுகொண்டே தம்பிக்குப் போன் செய்ய வெளியே ஓடினாள். "நல்லா தூங்கினியா?" என்று கேட்டேன்.

"தூங்கலடி. உள்ள கத்திக்கிட்டே கிடந்தேன். ஒருத்தருக்கும் கேக்கல. அவகிட்ட சொல்லிடாத."

அந்த வாரமே தொற்று மறுபடி ஏறி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் மகள் இன்னும் கேட்கிறாள், "அம்மா நல்ல பிள்ளையா கிடந்த அந்த நாள்ல நிம்மதியாதான இருந்தாங்க ஆன்டி?" ஆமாம்மா என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் வார்டு ரிப்போர்ட்டில், எந்த நோயாளியைப் பற்றியும் 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுத என் கை வருவதில்லை.