எட்டுப் பல் காகிதம்

மாதா துணை

ராயபுரம்,
12-10-1953

அன்புள்ள தங்கபுஷ்பத்துக்கு வியாகுலம் எழுதிக்கொண்டது.

உன் கார்டு சனிக்கிழமை வந்தது. இரண்டு வாரமாக நான் முறைத்த முறைப்பில் தபால்காரர் நம் தெருவுக்கே சுற்றிக்கொண்டுதான் வருகிறார். மில் ஆஸ்பத்திரியில் உனக்கென்று தனி மேஜை, தனி அலமாரி, கூப்பிட்டால் வர ஓர் ஆயா. படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

காலேஜில் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதி அனுப்பு, இங்கே மருந்து மேஜையில் நான் ஒருத்திதான், கேட்கக்கூட ஆளில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன புரொபசரா? இந்த டிஸ்பென்சரியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவளின் மகள். நானும் கழுவியவள்தான். டாக்டர் கிறுக்கும் லத்தீன் எழுத்தை எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நீ. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கைக்குழந்தைக்காரியிடம் ஆகாரத்துக்குப் பிறகு மருந்து கொடு என்று சொல்லிவிடாதே. பால் கொடுக்கும்போதெல்லாம் கொடுப்பாள். ரஹீமுன்னிசா மூன்று நாள் மருந்தை ஒரே நாளில் தீர்த்துவிட்டு, பத்தலம்மா என்று வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? அது வெறும் ஓமத் திரவமாக இருந்ததால் தப்பித்தோம். விடிந்ததும் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று என்று சொல். அது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

கடலுக்குப் போகிறவனுக்கு மருந்து கொடுக்குமுன், நாளைக்குக் கடலா கரையா என்று கேள். கடல் என்றால் மூன்று வேளை மருந்தையும் கட்டுமரம் தள்ளுமுன் ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் போவான். ஏனப்பா என்றால், "சீசா உருண்டு தண்ணில பூட்டா இன்னா பண்றது, அதான் வவுத்துலயே போட்டு வச்சுகினேன்" என்பான். இரும்பு மிக்சர் கொடுத்தால், மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முதலிலேயே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் மருந்து சாக்கடைக்குப் போகும். பல்லில் கறை படியாமல் பப்பாளிக் காம்பு வைத்து உறிஞ்சச் சொல்.

பாட்டில் விஷயம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். ஜனங்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. தைல பாட்டில், சர்பத் பாட்டில், மதுவிலக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் எங்கிருந்தோ வருகிற பட்டைச் சாராய பாட்டில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டி ஒட்டுகிறோமே அளவுக் காகிதம், அதை ஒருபோதும் முன்கூட்டி வெட்டிக் கட்டுக்கட்டாக வைத்துக்கொள்ளாதே. எட்டு வேளைக்கு உண்டான தண்ணீரை அளந்து ஊற்றிப் பார். அது எதுவரை நிற்கிறதோ அதுவரைக்கும் எட்டுப் பல் வெட்டு. நான் இடது கைக்காரி என்பதால் என் பல்லெல்லாம் கடலைப் பார்க்கிறது, உன் பல் ரயில் பாதையைப் பார்க்கிறது என்று கேலி செய்வாய். இப்போது கேலி செய்யவும் ஆளில்லை, வெட்டவும் வேலையில்லை.

ஆமாம், வேலையில்லை. மூன்று வாரமாக என்னை மருந்து மேஜைப் பக்கம் விடவில்லை. நம் காசிமேட்டு குப்பம்மாவின் பெண் குழந்தை பவுனுக்கு மருந்து அதிகமாகப் போன விஷயத்தில்தான். கக்குவான் இருமலுக்குக் கொடுத்த பெல்லடோனா மிக்சர். முகம் செக்கச்செவேலென்று ஆகி, கண் விரிந்து, இல்லாத எதையோ காற்றில் பிடிக்கப் பார்த்தபடி குழந்தை கிடந்ததை நீயும்தான் பார்த்தாய். காரணத்தை டாக்டர் இப்போதுதான் சொன்னார். யாரோ முன்கூட்டி வெட்டிவைத்த எட்டுப் பல் காகிதத்தை ஓர் அகலமான பாட்டிலில் ஒட்டிவிட்டார்கள். மருந்து நாலாம் பல்லிலேயே நின்றுவிட்டது. எட்டு வேளை மருந்து நாலே வேளையில் குழந்தையின் உடம்புக்குள் போயிருக்கிறது.

மருந்து யார் கொடுத்தது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "வியாகுலம்மா குட்த மருந்து" என்று குப்பம்மா சொல்லியிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை. காசிமேட்டில் நம் டிஸ்பென்சரிக்கே அதுதானே பெயர். நீ கொடுத்தாலும், டாக்டரே கொடுத்தாலும் அது வியாகுலம்மா மருந்துதான். அன்றைக்கு நான் பின்னறையில் ஹார்பர் கூலி ஒருவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பஞ்சு கேட்டு உன்னைத்தான் கூப்பிட்டேன்.

டிஸ்பென்சரி செயலாளர் கேட்டபோது நான் ஒட்டவில்லை என்று மட்டும் சொன்னேன். உன் பெயரை எடுக்கவில்லை. அவர் உன் சித்தப்பா. நீயோ இப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருக்கிறாய். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது, யாருக்கும் கை தவறும். குழந்தையும் பிழைத்து இப்போது கோழியைத் துரத்திக்கொண்டிருக்கிறது. யாரையும் தூக்கில் போடப் போவதில்லை. நடந்ததை நீயே இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும்.

அவசரம் ஏனென்றால், புதுச் சட்டப்படி மருந்து கலக்குகிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள் இல்லையா? படிக்காவிட்டாலும் அனுபவம் உள்ளவர்களைச் சேர்ப்பார்களாம். அதற்கு நிர்வாகக் குழு கையெழுத்துப் போட வேண்டும். நவம்பர் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை கூடுகிறார்கள். கையெழுத்து இல்லையென்றால் இனி எந்த ஊரிலும் மருந்து பாட்டிலை நான் தொட முடியாது. பழையபடி கழுவுவதற்கு வேண்டுமானால் தொடலாம்.

உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக இருக்கிறோம் என்று காப்பியைக் குடித்தே காலத்தை ஓட்டாதே.

உன் பிரியமுள்ள,
வியாகுலம்


மாதா துணை

ராயபுரம்,
2-11-1953

தங்கபுஷ்பத்துக்கு,

முதலில் எடுத்த தாளில் வழக்கம்போல் அன்புள்ள என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. இது இரண்டாவது தாள்.

இன்று கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷம் அந்த டிஸ்பென்சரியில் பாட்டில் கழுவியவள். எந்த பாட்டிலுக்கு அடி மேடாக இருக்கும், எதற்குக் கண்ணாடி தடிப்பு, எது பார்க்கப் பெரிதாக இருந்தும் உள்ளே கொஞ்சமாகத்தான் பிடிக்கும் என்பதெல்லாம் அவள் கையிலிருந்து எனக்கு வந்தது. அதைத்தான் உனக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் பதில் வந்துவிட்டது என்று நினைத்து, தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓடினேன். வந்ததல்ல, முன்பே கொடுத்தது. இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு பக்கம், கீழே உன் கையெழுத்து. டாக்டர் மேஜையைப் பார்த்தபடியே அதில் நீ எழுதியதைத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு பாட்டிலிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே அளவுக் காகிதம் வெட்ட வேண்டும் என்று நான் பலமுறை எடுத்துச் சொல்லியும், முறையான படிப்பில்லாதவரும் பாட்டில் கழுவும் வேலையிலிருந்து வந்தவருமான வியாகுலம்மாள் கேட்கவில்லை என்று இருந்ததாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் என்ன நினைத்தாரோ தெரியாது. அது என் வாக்கியம், புஷ்பம். நீ வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு சர்பத் பாட்டிலைக் கையில் கொடுத்து நான் உனக்குச் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை. சொன்னவளை மட்டும் மாற்றிவிட்டாய்.

தேதியைக் கேட்டேன். செப்டம்பர் இருபத்து நாலு. இருபத்தாறாம் தேதிதானே எழும்பூரில் உன்னை ரயிலேற்றிவிட வந்தேன்? இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தபடி அழுதாயே. பிரிகிற துக்கம் என்று நினைத்து நானும் அழுதேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பார்த்தவர்கள் ஏதோ சாவு வீடு என்று நினைத்திருப்பார்கள். இரண்டு நாள் முன்னால் என் தலையில் கல்லைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகும், காலேஜில் சொல்லாததையெல்லாம் எழுதி அனுப்பு என்று கார்டு போட உனக்கு மனம் வந்ததே! நானும் உட்கார்ந்து, பப்பாளிக் காம்புவரைக்கும் எழுதி அனுப்பினேனே. என்னைப்போல் ஒரு முட்டாள் இந்த ராயபுரத்தில் உண்டா?

நேற்று பூசை முடிந்து வருகிறேன், கோயில் வாசலில் குப்பம்மா நிற்கிறாள். என்னை வேலையிலிருந்து நிறுத்தியது அவள் காதுக்கு இப்போதுதான் எட்டியதாம். "எனக்கு இன்னா தெரியும்மா, யாரு குட்தாலும் உன் மருந்துன்னுதான் நாங்க சொல்லுவோம். அன்னிக்கு குட்தது உன் தோஸ்து. அப்பால வூட்டுக்கு வந்து புள்ளைக்கு கவுனு குட்த்துட்டு, அந்த சீசா எங்க கீதுன்னு கேட்டுச்சு. நல்ல சீசா, வுட மனசு வர்ல. ஒடஞ்சி பூட்ச்சுன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையைப் பிரித்தாள்.

பாட்டில் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. இத்தனை நாள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தாளாம், வீடெல்லாம் நாற்றம். காகிதம் மட்டும் உரியாமல் அப்படியே இருக்கிறது. எட்டுப் பல். எட்டும் ரயில் பாதையைப் பார்க்கின்றன.

நீ பயந்திருப்பாய். வேலை உத்தரவு கையில் இருந்தது. உன் அம்மா ஆவுடையம்மாள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று நடுங்கியிருப்பாய். பயம் எனக்குப் புரிகிறது. என்னிடம் வந்து வியாகுலம், கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே உனக்கு முன்னால் போய் நின்று டாக்டரிடம் பேசியிருப்பேன். அதைச் செய்யாமல், என் அம்மா வேலையைச் சொல்லி என்னைக் கீழே தள்ளினாய். அந்த இடம்தான் ஆறவில்லை. எனக்குக் கோபம். ஒன்பது வருஷம் ஒரே மேஜையில் நின்றவள் நீ. வேறு யார் செய்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

பதின்மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு குழுவின் முன் போகப் போகிறேன். நான் எந்தக் கையால் கத்தரிப்பேன் என்று டாக்டருக்குத் தெரியும், மறந்திருப்பார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் ஞாபகம் வரும். இதை உன்னிடம் சொல்லாமலே செய்யலாம். நீ எனக்குச் செய்த மாதிரி. எனக்கு அது வராது. பத்து மணிக்குள் நீ வந்து நின்றால் பாட்டில் துணிக்குள்ளேயே இருக்கும். நீயே சொன்னால் அது கை தவறியது. பாட்டில் சொன்னால் அது பொய். எது வேண்டுமோ நீயே தீர்மானித்துக்கொள்.

போன கடிதத்தில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். எழுதாமலே விடலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். உங்கள் ஊரில் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள். பகலெல்லாம் வெயிலில் வேர்த்துக் கொட்டும், குடிக்க நல்ல தண்ணீர் இருக்காது. அவர்களுக்கு சல்பா மாத்திரை எழுதி வந்தால் சும்மா எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடாதே. தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் மாத்திரை உள்ளே மணலாகப் படிந்து ரத்தமாக மூத்திரம் போகும். குடி என்று வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். முதல் மாத்திரையை உன் கண் முன்னால், ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கச் சொல். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு குடிக்க வேண்டும் என்று விரலை மடக்கிக் காட்டச் சொல். உனக்காக இதை எழுதவில்லை. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

பெரியவர்களுக்கு எழுதுகிற கடிதமானாலும் சின்னவர்களுக்கு எழுதுகிற கடிதமானாலும், நீ நன்றாக இருக்க வேண்டும் என்று முடிக்க வேண்டும் என்பாள் அம்மா. இன்றைக்கு அவள் நாள், அவள் சொல்லைத் தட்ட முடியவில்லை. உன் கையால் மருந்து வாங்கிக் குடிக்கிற ஒவ்வொருவரும் நன்றாக இருக்க வேண்டும். அதற்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை, பத்து மணி.

இப்படிக்கு,
பாட்டில் கழுவியவள் மகள்,
வியாகுலம்மாள்