மதகைத் தாண்டி

பிப்ரவரி 4
நான் இந்த மண் அணையின் காவல்காரன். இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். என் கையெழுத்தை நானே படிக்கிறேனே! மகள் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை. இன்றும் கரை முழுக்க நடந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 6
கரையின் உள்மண்ணைச் சோதிக்கப் பொறியாளர் அம்மா வந்திருக்கிறார். தோண்டப் போவதில்லையாம். கரை நெடுக ஆணி போன்ற கருவிகளைக் குத்தி வயரால் இணைத்தார். மண்ணில் ஓடும் அதிர்வை அவை பதிவு செய்யும். இறுகிய மண்ணில் அதிர்வு வேகமாக ஓடுமாம், இளகிய மண்ணில் மெதுவாக.
"மூணு நாள் அப்படியே இருக்கட்டுங்கய்யா. நீங்க வழக்கம்போல நடங்க."
"அந்தக் கோடி வரைக்கும் தினம் ரெண்டு நடை போவேம்மா" என்று அளந்துவிட்டேன்.

பிப்ரவரி 9
மானம் போயிற்று.
கணினியில் கோடு கோடாகக் காட்டினார். "இந்தத் துடிப்பெல்லாம் உங்க காலடிங்கய்யா." பெருமை தாங்கவில்லை எனக்கு. பிறகு கேட்டார்: "மதகைத் தாண்டி ஒண்ணுமே இல்லையே?"
முழங்கால் வலி. மழைக்காலம் முடிந்ததிலிருந்து மதகோடு திரும்பிவிடுகிறேன். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் — அது மட்டுமா? தடி பிடிக்க வெட்கம். கிழவன் என்று சொல்லிவிடுவார்களே.
அந்தக் கோடியில்தான் மண் இளகியிருக்கிறதாம். போய்ப் பார்த்தோம். கரையின் அடியில் ஈரம். கை வைத்தால் சேறு.
நேர் கீழே மகள் வீடு.

பிப்ரவரி 10
மகளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.
"கால் வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போய்ப் பாத்திருப்பேனேப்பா. என் வீட்டுக் கொல்லையில இருந்து எட்டுற தூரம்."
அவ்வளவுதான். தட்டில் சோறு போட்டாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?
முதல் பக்கத்தைப் புரட்டினேன். "கரை முழுக்க நடந்து பார்த்தேன்." எவனை ஏமாத்த எழுதினே? உன்னையேவா? கிழிக்கத் தோன்றியது. கிழிக்கவில்லை. இருந்து உறுத்தட்டும்.

பிப்ரவரி 13
நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். ஈரமான இடத்தில் மணலும் சரளையும் கொட்டுகிறார்கள். மகள் பாத்திரம் பண்டங்களோடு என் அறைக்கு வந்துவிட்டாள். முகம் பார்த்துப் பேச எனக்கு இன்னும் கூச்சம்.

மார்ச் 2
மீண்டும் கருவி வைத்துப் பார்த்தார்கள். கரை தாங்கும், மகள் வீடு திரும்பலாம் என்றார் பொறியாளர் அம்மா. அடுத்த மாதம் முதல் காவல் வேலை மகளுக்கு. அதுவரை நான்.
திரையைப் பார்த்து அவர் சிரித்தார். "இது என்னங்கய்யா, மூணு மூணா விழுது?"
"ரெண்டு காலு, ஒரு தடிம்மா."
மதகைத் தாண்டியும் விழுந்திருந்தது.