நீலக் காகிதத்தில் வடிகட்டிய தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து நடந்தது. குடிநீரை வடிகட்டிக் கிருமி பார்க்கும் வெள்ளைச் சவ்வுத் தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையிடையே நீலக் காகிதம் வைத்து வரும். ஊருக்கு வரும் நினைப்பில் நான் சவ்வை எறிந்துவிட்டு, நீலக் காகிதத்தைப் போட்டு அத்தனை தண்ணீரையும் வடிகட்டியிருக்கிறேன்!

"மாப்பிள்ளைய விட்டுட்டு தோழனுக்கு மாலை போட்ட கதையா இருக்கே!" என்று மேலதிகாரி அம்மா சிரித்தார். சிரித்த கையோடு, "எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணணும். உனக்கு இப்ப லீவு கிடையாதும்மா" என்றும் சொல்லிவிட்டார்.

உங்கள் கண் ஆபரேஷனுக்கு என்னால் வர முடியாது அப்பா. மன்னித்துவிடுங்கள். சொட்டு மருந்தை மறக்காதீர்கள். என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கட்டுப் பிரிக்கும்போது எதிரில் நான்தான் நிற்பேன் என்று சொல்லியிருந்தேன். தம்பியை நிற்கச் சொல்லுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்