வலப்பக்கமாகப் படுத்திருக்கிறேன்

நாள் 611. காலை 06.10

இதைக் கண்டெடுத்து வாசிக்கிறவருக்கு வணக்கம். பெயர் தொம்மை. வயது நாற்பத்தெட்டு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம், எனவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வேலை: பனி தோண்டும் எந்திரங்களுக்குக் காவல். இந்த விண்கல்லில் நான் ஒருவன்தான். பம்பு மூன்றும் சரி. காற்று சரி. துளைப்பான் எண் இரண்டு முனகியது. எண்ணெய் விட்டதும் கோபம் தணிந்தது.

பிறவியிலேயே எனக்குப் பாதி இதயம். நாலு வயதில் நெஞ்சை அறுத்து, கெட்ட ரத்தம் இதயத்துக்குப் போகாமல் நேராக நுரையீரலுக்குப் போகிற மாதிரி குழாயை மாற்றிவைத்தார்கள். பூமியில் ஏழு படி ஏறினால் எட்டாவதில் உட்கார்ந்துவிடுவேன். இங்கே எடை கிடையாது. நேற்று ஒரு டன் குழாயைத் தோளில் வைத்துப் பாடிக்கொண்டே போனேன். கேட்கத்தான் ஆளில்லை. இந்தக் காவலுக்கு எங்களைப் போன்ற பாதி இதயக்காரர்களையே எடுக்கிறார்கள்.

நாள் 611. 07.40

இன்று எனக்கு ஈரல் ஊசி. குழாய் மாற்றியவர்களுக்கு ரத்தம் தேங்கித் தேங்கி ஈரல் தழும்பேறுமாம். மூன்று வாரம் முன்னால் ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று பார்க்க ஊசியால் துளி சதை எடுக்க வேண்டும். போடப்போவது சுவரில் மடங்கிக் கிடக்கும் எந்திரக் கை. அசையாமல் முறைத்துக்கொண்டே இருப்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறேன்.

பூமியிலிருந்து டாக்டர் யாஸ்மின் அனுப்பிய செய்தி வந்தது. செய்தி ஒரு வழி வந்துசேரவே முப்பத்தெட்டு நிமிடம் ஆகும்.

"தொம்மை சார், விலா எலும்புக்கு நடுவுல ஊசி போடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஸ்கேன்ல வயித்துல தண்ணி இல்ல, அந்த தைரியத்துலதான். தண்ணி இருந்தா ரத்தம் உள்ளயே கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்போ கழுத்து ரத்தக்குழாய் வழியாத்தான் போகணும், அதுக்கு ஆஸ்பத்திரிக் கப்பல் வரணும். ரத்தம் இளக்குற மாத்திரையை அஞ்சு நாளா நிறுத்திட்டீங்கல்ல?"

நிறுத்திவிட்டேன். அந்த விஷயத்தில் நான் உத்தமன்.

நாள் 611. 08.25

டாக்டருக்குச் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். ஸ்கேனுக்கு முந்தின மூன்று நாளும் நீர் மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கினேன், தண்ணீர் குடிக்கவில்லை. தேங்கிய நீர் சிறுநீராகப் போய் வயிறு வற்றிவிடும். காவல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். வயிறு வீங்கியது தெரிந்தால் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எனக்குக் கட்டில்தான் ஊர்.

இன்று இடுப்பை அளந்தேன். மூன்று வாரத்தில் நாலு விரல் கூடியிருக்கிறது. இப்போது சொன்னால் ஊசியும் நிற்கும், வேலையும் போகும். ஊசி மெல்லியதுதானே.

நாள் 611. 09.30

ஊசி முடிந்தது. மாப்பிள்ளை ஒரே குத்து. ஆறு மணி நேரம் வலப்பக்கமாகப் படுத்திருக்க வேண்டும், ஈரல் அழுந்தி ரத்தம் நிற்க. எடையில்லாத இடத்தில் அழுந்துவதெங்கே? மணல்மூட்டைக்குப் பதிலாக ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஒரு விரலால் எழுதுகிறேன். நாடி 84.

நாள் 611. 10.50

வலது தோளில் வலி. தோளை யாரும் குத்தவில்லையே. நாடி 112. வயிறு கெட்டியாக இருக்கிறது.

டாக்டர் அனுப்பியிருந்த எச்சரிக்கைப் பட்டியலில் பார்த்தேன். தோள்வலி என்றால் உள்ளே ரத்தம் என்று போட்டிருக்கிறது.

நாள் 611. 11.35

பேச்சித்தாயிடம் பேசினேன். அடுத்த கல்லின் காவல்காரி, அவளுக்கும் பாதி இதயம். நாலு நொடியில் குரல் போய்ச் சேரும். அறுநூறு நாளாக எனக்கு உடனுக்குடன் பதில் சொல்லும் ஒரே மனிதக் குரல் அவளுடையதுதான். அவளுக்கும் இன்று ஊசி, மாலை நாலு மணிக்கு. நீர் மாத்திரை வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

எனக்கு உள்ளே ரத்தம் கசிகிறது, நீ போட்டுக்கொள்ளாதே, டாக்டரிடம் உண்மையைச் சொல் என்றேன்.

அவள் சிரித்தாள். "போன மாசம் என் காத்துக்குழாய் வெடிச்சிட்டுன்னு புளுகுனீரு. நான் கவச உடுப்பை மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். இன்னைக்கு ஈரலாக்கும்? போவும் அண்ணாச்சி. என்னைய பூமிக்கு அனுப்பிட்டு யாரைக் கேலி பண்ணுவீரு?"

சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். போன மாசமும் அப்படித்தான் சொன்னேனாம். பிறகு என் கல் சுழன்றதில் அவள் கல் மறைந்துவிட்டது. இரவு எட்டு மணி வரை எங்களுக்குள் தொடர்பு இல்லை.

நாள் 611. 12.05

டாக்டருக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். என் மாத்திரை, அவள் மாத்திரை, நாலு விரல் இடுப்பு. காவல்காரன் காவல்காரியைக் காட்டிக்கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. இனி அவளுக்கும் கட்டில்தான்.

நாடி 124.

நாள் 611. 13.25

"தொம்மை சார், பேச்சித்தாய் எந்திரத்துக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு போயிடுச்சு. மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்லியிருக்கேன். நீங்க அசையாதீங்க. உங்க எந்திரம் சலைன் ஏத்தும். ஆஸ்பத்திரிக் கப்பல் கிளம்பிடுச்சு. பதினோரு நாளாகும். ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

பதில் அனுப்பினால் முப்பத்தெட்டு நிமிடம் கழித்து அவர் அழுவார். அது எனக்கெதற்கு?

நாள் 611. 15.50

நாடி 138. ஆக்சிஜன் 71. குளிர்கிறது. பட்டையை யாராவது கொஞ்சம் இறுக்கினால் தேவலை.

டாக்டர் வழியாகப் பேச்சித்தாயின் செய்தி.

"ஏன்வே, உமக்கு என்ன தெரியும்னு என்னைய மாட்டிவிட்டீரு? மாப்பிள்ளை ஊசி போடமாட்டேன்னு கையை மடக்கிட்டு. ஸ்கேன்ல வயிறெல்லாம் தண்ணியாம். என்னைய அனுப்பப் போறாங்க. இனிமே உம்மகிட்ட பேசமாட்டேன். சாவும்."

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மூச்சு வாங்காமல் திட்டுகிறாள். நல்ல நாடிதான்.

அவளும் அவளுடைய எந்திரத்தை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறாளா. எனக்குச் சொன்னதே இல்லை.

நாள் 611. 16.40

எட்டு மணிக்கு அவள் கல் தெரியும். பேசமாட்டாள். ரேடியோவைத் திறந்து வைத்திருந்தாலாவது அவள் மூச்சு

பம்பு மூன்றும் சரி. துளைப்பான் இரண்டுக்கு எண்ணெய் விட வேண்டும், கண்டெடுத்தவர்

வலப்பக்கம்தான் படுத்திரு