சிட்டு என்று எழுதிய சீட்டு

கடையிலிருந்து, திங்கட்கிழமை

அன்புள்ள சிட்டுவுக்கு,

நானும் மகளும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றபடி மற்றவர்கள் தைத்த சட்டையைப் புரட்டிப் பிழை பார்க்கும் வேலைக்கு ஒரு நாற்காலியாவது போடக்கூடாதா அந்த ஃபேக்டரிக்காரர்கள்? சரி, நான் எழுத வந்தது வேறு. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

நம் கடைக்கு இணையத்தில் முகவரி வாங்கிவிட்டேன்! சாதாரண முகவரியா? சிட்டு சர்வீஸ் டாட் காம். பாதி வீடுகளில் இருப்பது சிட்டு கம்பெனித் தையல் மெஷின்தான். அந்தப் பெரிய மனிதர்கள் தங்களுக்கு ஒரு முகவரியை வாங்கிக்கொண்டு இதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தது உன் தம்பி. "மாமா, கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறாங்க, நாம போய் உக்காந்துக்கலாம்" என்றான். உட்கார்ந்துவிட்டோம்.

பக்கத்துக் கடை விசிட்டிங் கார்டுக்காரர் இணையப் பக்கத்தைப் பிரமாதமாக அமைத்துக் கொடுத்தார். கம்பெனியின் அதே மஞ்சள், அதே குருவி. குருவியின் வாலை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடச் சொன்னேன், என் மனசாட்சிக்காக.

பத்து நாளாகப் போன் ஓயவில்லை. பெஞ்சு நிறைந்து தரையிலும் மெஷின்கள். நேற்று மகள் வீட்டுப்பாடம் எழுத உட்கார இடமில்லாமல் ஒரு மெஷின் பலகை மேலேயே நோட்டைப் பிரித்துவிட்டாள். போன் செய்பவர்கள் எல்லோரும் எடுத்ததும் "சிட்டு கம்பெனிங்களா?" என்கிறார்கள். நான் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. "சொல்லுங்க" என்கிறேன். அதில் என்ன பொய்?

இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனி ஒருநாள் விழித்துக்கொண்டு இந்தப் பெயரைக் கேட்டு நம் வாசலுக்கு வரும், அப்போது நாம் சொல்வதுதான் விலை என்கிறான் உன் தம்பி. உன் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறதல்லவா? அத்தனை நாள் வேண்டாம். அதற்கு முன்பே உன்னை அழைத்து வந்துவிடுவேன்.

உன் முதுகும் என் அதிர்ஷ்டமும் நிமிர வேண்டும் என்று விரும்பும்,
உன் ஊசி

* * *

கடையிலிருந்து, வியாழக்கிழமை

அன்புள்ள சிட்டுவுக்கு,

பதறாதே. இப்படி ஆரம்பித்தாலே நீ பதறுவாய் என்று தெரியும், இருந்தாலும் பதறாதே.

கம்பெனி விழித்துக்கொண்டது. விலை கேட்டு வரவில்லை, வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. சிட்டு என்பது அவர்களுடைய பதிவு செய்த வணிகப் பெயராம். அதை வைத்து நான் மக்களைக் குழப்புகிறேனாம். பதினைந்து நாளுக்குள் முகவரியை ஒப்படைக்காவிட்டால் வழக்கு. உன் தம்பி ஒரு குதி குதித்தான். பிறகு நோட்டீஸில் தன் பெயர் இருக்கிறதா என்று இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டான்.

நானும் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் அம்மாவின் மெஷினுக்கு நான்தான் ஷட்டில் மாற்றிக் கொடுத்தேன், அந்தப் பழக்கம். சிட்டு மெஷின் பழுது பார்க்கப்படும் என்று போர்டு வைத்தால் யாரும் கேட்க முடியாதாம், அது உண்மை. ஆனால் கடை வாசலையே அவர்கள் வாசல் மாதிரி வைக்கக் கூடாதாம். அவர்களுக்கே விற்கலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன் என்று தெரிந்தால் இன்னும் மோசமாம். நான் தூக்கிவிட்ட குருவி வாலைப் பார்த்து அவர் சிரிக்கக்கூட இல்லை.

பிறகு ஒன்று கேட்டார். "அந்தப் பேரை வைக்க உங்களுக்குன்னு சொந்தக் காரணம் ஏதாவது இருக்கா?" நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன், சிட்டு! இருக்கிறதே! என் மனைவி பெயர்! தெருவே உன்னை அப்படித்தானே கூப்பிடுகிறது. மனைவி பெயரைக் கடைக்கு வைக்க எந்தக் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டும்? அப்படியானால் வழக்கில் கொஞ்சம் பிடி கிடைக்கும், எப்போதிலிருந்து அந்தப் பெயர் என்று உன் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும் என்றார்.

தாளை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். "சிறுவயது முதல் என்னை வீட்டில் சிட்டு என்றே அழைத்து வருகின்றனர்." சிறுவயது முதல் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. இரண்டே வார்த்தைதான், நீ கண்டுகொள்ளாதே. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிவிடு. நீ சீக்கிரம் வீடு வந்து சேருவது அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அவசரத்துடன்,
உன் ஊசி

* * *

கடையிலிருந்து, சனிக்கிழமை

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் உறை வந்த நாளிலிருந்து உன் போனை மகள் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். வெட்கம்தான். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், ஒரு பெரிய செய்தியும் இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட தாளை எதிர்பார்த்து உறையைக் கிழித்தேன். தாள் இல்லை, ஒரு வரிகூட இல்லை. சிவப்பு நூல் கட்டிய பழைய அட்டைச் சீட்டு மட்டும் கீழே விழுந்தது. என் கையெழுத்து. "சிட்டு. நூல் அறுக்கிறது. நாளை."

பதினோரு வருஷம். அன்றைக்கு நீ மெஷினோடு வந்து நின்றாய். நான் குனிந்த தலை நிமிராமல் "என்ன மெஷின்?" என்று கேட்டேன், "சிட்டு" என்றாய், எழுதினேன். மறுநாள் மெஷினில் கட்டியிருந்த இதன் ஜோடிச் சீட்டைப் படித்து "சிட்டு யாருங்க?" என்று கூப்பிட்டதும் நீ எழுந்து நின்றாய். அன்றோடு ஒட்டிக்கொண்டது பெயர். மெஷினை எடுத்துப் போகும்போது சீட்டைத் திருப்பிக் கேட்டேன். தொலைந்துவிட்டது என்றாய். பதினோரு வருஷமாகத் தொலைந்திருந்த சீட்டு! திட்டி நாலு பக்கம் எழுதியிருந்தாலும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். என் கையெழுத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?

அன்று மதியம் விசிட்டிங் கார்டுக்காரர் வந்து, இணையப் பக்கத்துக்கு வந்த கடிதங்களை எல்லாம் பார்த்தீர்களா என்றார். கடிதம் வருமென்றே எனக்குத் தெரியாது. திறந்து காட்டினார். எங்கோ ஒரு ஊரில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் அம்மா நான்கு முறை எழுதியிருக்கிறார். சிட்டு மெஷின், ஒரு வருஷம் ஆகும் முன்பே மோட்டார் நின்றுவிட்டது. நான்காவதை அப்படியே எழுதுகிறேன்: "கம்பெனிக்கு வணக்கம். எனக்குக் கோவமா எழுதத் தெரியல. வாரண்டி நேத்தோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்னு மட்டும் ஒத்துக்கங்க."

கம்பெனிக்குப் போன் செய்தேன். வாரண்டி முடிந்துவிட்டது, அதற்குள் எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்றார்கள். எப்படிப் பதிவாகும்? புகார் என்னிடம் அல்லவா தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சரியான கதவைத்தான் தட்டியதாக நினைத்தார். தப்பான கதவை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான். எனக்கு அவமானமாக இருந்தது சிட்டு.

நான்கு கடிதங்களையும் தேதியோடு அச்சடித்து, மேலே இப்படி எழுதினேன்: "இவர் என்னை நீங்கள் என்று நம்பி எழுதியிருக்கிறார். அப்படி நம்பட்டும் என்றுதான் நான் அந்தப் பக்கத்தை அமைத்தேன். முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். இவருடைய மோட்டாரை மாற்றிக் கொடுங்கள்." வக்கீலம்மா படித்துவிட்டு, நடு வரி ஒன்று போதும், உங்கள் பக்கம் எதுவும் மிஞ்சாது என்றார். சிறுவயது முதல் என்ற தாளை இனி கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அனுப்பினேன்.

இப்போது செய்தி. நேற்று அந்த அம்மாவே போன் செய்தார். மோட்டார் வந்துவிட்டது, மாட்டியாயிற்று, ஓடுகிறது! போனை மெஷின் பக்கத்தில் வைத்து ஓட்டியே காட்டினார். என்ன சத்தம் சிட்டு அது, ஒரு தையல் விடவில்லை, கடையில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு, "நீங்க கம்பெனிங்களா?" என்றார். "இல்லம்மா, நான் ரிப்பேர்க்காரன்" என்றேன். இத்தனை நாளில் முதல் தடவை.

இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததும் கம்பெனியும் வழக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டது. போன் இப்போது பழையபடி எப்போதாவது அடிக்கிறது. மகளுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. "ஊசி தையல் மெஷின் கடை" என்று என் பட்டப்பெயரிலேயே புது முகவரி வாங்கியிருக்கிறேன். கீழே சின்னதாக, சிட்டு மெஷினும் பழுது பார்க்கப்படும். படத்தில் குருவி கிடையாது. உன் தம்பி நேற்று ஒரு மிக்ஸி கம்பெனியின் பெயரோடு வந்தான். அவன் கையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்து, பத்து பாபினில் சுற்றிவிட்டுப் பேசச் சொன்னேன். இரண்டாவது பாபினில் கிளம்பிவிட்டான்.

எல்லாம் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டியதைத் தவிர. உன்னைச் சீக்கிரம் அழைத்து வருகிறேன் என்ற வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் பன்னிரண்டு மாதம்.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன், அது உன்னுடையது. நாளை என்று எழுதிவிட்டு அந்த மெஷினை மூன்று நாள் இழுத்தடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? மறுநாளே சரியாகிவிட்டது. நீ தினமும் வந்து கேட்கட்டும் என்றுதான் தரவில்லை. இப்போது காத்திருப்பது என் முறை. சீட்டைக் காட்டாமல் எதையும் கொடுப்பதில்லை என்பது நம் கடை வழக்கம், உனக்கே தெரியும். வரும்போது கையோடு கொண்டு வா. இந்தத் தடவையாவது தொலைந்துவிட்டது என்று சொல்லாதே.

உன் ஊசி